செடிக்கு பீர் ஊற்றலாமா?

கைப்பேசியைத் திறந்தாலே மாடித்தோட்ட வீடியோதான். "மிச்சமான பீரைக் கீழே கொட்டாதீங்க, ரோஜாவுக்கு ஊத்துங்க, ஒரே வாரத்துல மொட்டு விடும்" என்கிறார் ஒருவர். இன்னொருவர் மாவுப்பூச்சிக்கு சானிடைசர் அடிக்கச் சொல்கிறார். மூன்றாமவர், மதுவில் நனைத்த விதை சீக்கிரம் முளைக்கும் என்று டம்ளரில் போட்டே காட்டுகிறார். பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். செய்து பார்த்துச் செடியைப் பறிகொடுத்தவர்கள் மட்டும் வீடியோ போடுவதில்லை.

ஆல்கஹால் செடிக்கு உரமா, மருந்தா, விஷமா? எவ்வளவு, எங்கே படுகிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும். ஆனால் நம் ஊரில் செடிகள் ஆல்கஹாலோடு மல்லுக்கட்டும் முக்கியமான சமயம் பாட்டிலில் இருந்து வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிறது. தண்ணீரில் மூழ்கிய வேர், தனக்குத் தானே ஆல்கஹால் தயாரித்துக்கொள்கிறது. பயிரையும் பணத்தையும் காப்பாற்ற நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். முதலில் பீர் கதையை முடித்துவிடுவோம்.

பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 8 சதவீதம். மீதி கொஞ்சம் சர்க்கரை, மாவுச்சத்து, சொற்ப அளவில் தாதுக்கள். "ஈஸ்ட் இருக்கே, அதுல சத்து இருக்கே" என்று கேட்கலாம். கடையில் வரும் பீர் பெரும்பாலும் வடிகட்டியது. அதில் மிஞ்சும் சத்து ஒரு பிடி மண்புழு உரத்துக்கு ஈடாகாது. பீர் ஊற்றிய மறுநாள் செடி நிமிர்ந்து நின்றால், அது தண்ணீர் செய்த வேலை.

சர்க்கரைதான் தொல்லை. அது செடிக்குப் போய்ச் சேருவதற்குள் மண்ணில் இருக்கும் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்று பெருகிவிடும். பெருகும்போது மண்ணில் உள்ள நைட்ரஜனையும் காற்றையும் அவையே எடுத்துக்கொள்ளும். தொட்டி புளித்த வாடை அடிக்கும், எறும்பு ஏறும், மண்ணின் மேல் சின்னச் சின்ன கொசு மாதிரி ஈக்கள் பறக்கும். ரோஜாவுக்குப் போட்ட விருந்தை வேறு யாரோ சாப்பிட்டுவிட்டுப் போன கதை.

அடுத்தது ஆல்கஹால். 5 சதவீத பீர் என்றால் ஒரு லிட்டரில் 50 மில்லி ஆல்கஹால். இந்தக் கரைசல் வேரைச் சுற்றி நிற்கும்போது, வேர் தண்ணீரை உறிஞ்சுவது கடினமாகிறது. ஈரம் இருந்தும் செடிக்குத் தாகம். செறிவு கூடினால் நிலைமை இன்னும் மோசம். செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது; ஆல்கஹால் அதைத் தளர்த்தி ஓட்டையாக்கிவிடும். உள்ளே இருக்க வேண்டிய உப்பும் சாறும் வெளியே கசியும். 42.8 சதவீதம் என்று லேபிளில் அச்சிட்ட பிராந்தி, விஸ்கி வகைகளை அப்படியே ஊற்றினால் வேர் வெந்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் மீட்க வழியில்லை.

விதை விஷயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சில காட்டுப்புல், களைப்புல் விதைகள் பல மாதம் உறக்க நிலையில் கிடக்கும். மிக நீர்த்த ஆல்கஹால் அந்த உறக்கத்தைக் கலைக்கும் என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ஆனால் நாம் வீட்டில் விதைக்கும் தக்காளி, வெண்டை, கத்தரிக்கு அப்படிப்பட்ட நீண்ட உறக்கம் கிடையாது. ஈரமும் சூடும் கிடைத்தால் தானாக எழும். செறிவான மதுவில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் முளைக்கருதான் சாகும்.

குட்டையான பூச்செடி

வேரில் ஆல்கஹால் விட்டு நல்ல பயன் கண்ட ஒரு சோதனை உண்டு. பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டு வீடியோ போடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

குளிர்நாடுகளில் நார்சிசஸ் என்ற வெள்ளைப் பூவின் கிழங்கைக் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரம்பிய கிண்ணத்தில் வைத்து, வீட்டுக்குள்ளேயே பூக்க வைப்பார்கள். தண்டு நெட்டையாக வளர்ந்து, பூ பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். 'ஜின் ஊற்றினால் சாயாது' என்று ஒரு பத்திரிகை வாசகர் சொன்ன செய்தி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கே கிழங்குப் பூக்களை ஆராயும் வில்லியம் மில்லர் அதைச் சோதித்துப் பார்த்தார். 2006-ல் முடிவு வெளியானது. தண்ணீரில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் இருந்தால் தண்டு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குட்டையானது. பூவின் அளவும் நாட்களும் குறையவில்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால் செடி கெட்டது. பீரும் ஒயினும் வேண்டாம், அதில் உள்ள சர்க்கரை ஆகாது என்றும் சொன்னார்கள்.

இதைக் கவனியுங்கள். ஆல்கஹால் இங்கே வளர்ச்சியைக் கூட்டவில்லை, குறைத்தது. வேருக்குத் தண்ணீர் சற்றுக் குறைவாகக் கிடைத்ததால் தண்டு நீளவில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம். கிழங்குக்குள் சேமித்த உணவு இருந்ததால் பூ தப்பியது. நம் மாடியில் இருக்கும் கத்தரிச் செடிக்கு அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை.

இலைமேல் ஸ்பிரிட்

செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டும் மாவுப்பூச்சிக்கு மருந்துக்கடை ஸ்பிரிட் உதவும், அது சரிதான். பூச்சியின் உடம்பை மூடியிருக்கும் மெழுகுப் பொடியை ஆல்கஹால் கரைத்துவிடும். பூச்சி காய்ந்து சாகும். பிரச்சினை என்னவென்றால் இலையின் மேலும் மெழுகுப் பூச்சுதான் இருக்கிறது. இலை காயாமல் காப்பது அந்தப் பூச்சு. ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி செடி முழுக்க அடித்தால் இரண்டு பேருக்கும் ஒரே கதி. இரண்டு நாளில் இலை ஓரம் பழுப்பாகக் கருகும்.

காது குடையும் பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சியின் மேல் மட்டும் தொட்டு எடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். இளந்தளிர், பெரணி, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் சதைப்பற்றுச் செடிகள், இவற்றில் வேண்டவே வேண்டாம். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். அதில் வாசனையும் பிசினும் சேர்ந்திருக்கும். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், எளிதில் தீப்பற்றும்.

நோய் வந்த கிளையை வெட்டிய கத்தரியை அடுத்த செடிக்கு எடுத்துப் போகுமுன் இதே ஸ்பிரிட்டால் துடைப்பது நல்ல பழக்கம். 'சுத்த ஸ்பிரிட்' 70 சதவீதத்தைவிட மேலாச்சே என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருந்தால்தான் கிருமியின் புரதத்தை அது சரியாகக் குலைக்கும். முழுச் செறிவில் சீக்கிரம் ஆவியாகியும் விடும்.

மூழ்கிய வேர் தயாரிக்கும் ஆல்கஹால்

இனி மழைக்கு வருவோம்.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றில் இருந்து ஆக்சிஜனை எடுத்து, இலை அனுப்பிய சர்க்கரையை எரித்து, அதில் வரும் சக்தியால்தான் தண்ணீரையும் உரத்தையும் மேலே ஏற்றுகிறது. மழைத் தண்ணீர் தேங்கினால் அந்த இடைவெளிகள் நிரம்பிவிடும். காற்றில் நகர்வதைவிட தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாக நகரும். இருந்த கொஞ்சத்தையும் வேரும் மண் கிருமிகளும் சீக்கிரமே தீர்த்துவிடும்.

மூச்சு முட்டிய வேர் சும்மா சாவதில்லை. மாற்று வழிக்குப் போகிறது. கள் புளிக்கும்போது ஈஸ்ட் என்ன செய்கிறதோ, அதே வேலை. சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் உடைத்து, அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றி, அதையும் எத்தனாலாக மாற்றுகிறது. எத்தனால் என்றால் மது பாட்டிலில் இருக்கும் அதே ஆல்கஹால். இந்த வழி ரொம்ப நஷ்டமான வழி. ஆக்சிஜன் இருந்தால் ஒரு சர்க்கரை மூலக்கூறில் இருந்து சுமார் 30 பங்கு சக்தி கிடைக்கும் இடத்தில், இங்கே கிடைப்பது 2 மட்டும். உயிரைப் பிடித்து வைத்திருக்கவே வேர் தன் சேமிப்பை வேகமாகக் கரைக்க வேண்டியிருக்கிறது. மாதச் சம்பளம் நின்றுபோய், கந்துவட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் நிலைமை.

அப்படியானால் வெள்ளத்தில் செடி சாவது இந்த ஆல்கஹாலாலா? ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே அப்படி நினைத்தார்கள். 1982-ல் இங்கிலாந்தில் பட்டாணிச் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். மூழ்கிய செடியில் சேரும் அளவு ஆல்கஹாலை, மூழ்காத செடியின் வேருக்குக் கொடுத்துப் பார்த்தால், பெரிய பாதிப்பு இல்லை. அதற்கும் முன்னால், 1969-ல், அமெரிக்காவில் ட்ரூ ஸ்வார்ட்ஸ் என்பவர் ஆல்கஹால் தயாரிக்கும் நொதியே இல்லாத மக்காச்சோளத்தை எடுத்துக் காட்டியிருந்தார். ஆல்கஹால் சேராத அந்தச் செடிதானே தப்ப வேண்டும்? நடந்தது நேர் எதிர். தண்ணீரில் மூழ்கியதும் அந்த நாற்றுகள்தான் முதலில் செத்தன. ஆக, ஆல்கஹால் தயாரிப்பது வேரைக் கொல்லும் வேலை இல்லை; வேர் உயிர் பிழைக்கச் செய்யும் வேலை. தயாரான ஆல்கஹாலில் பெரும்பகுதி வேரில் இருந்து தண்ணீருக்குள் கசிந்து போய்விடும்.

கொல்வது வேறு. சர்க்கரை தீர்ந்துபோவது, செல்லுக்குள் புளிப்பு ஏறுவது, காற்றில்லாத மண்ணில் உருவாகும் கந்தக வாயு, சந்தர்ப்பம் பார்த்து நுழையும் அழுகல் பூஞ்சை. இதோடு கடைசியாக ஒன்று. தண்ணீர் வடிந்து, வேருக்கு மறுபடி காற்று கிடைக்கும் நேரம் ஆபத்தானது. உள்ளே மிச்சம் இருக்கும் ஆல்கஹால் திரும்பவும் அசிட்டால்டிஹைடாக மாறும். அது ஆல்கஹாலைவிட பல மடங்கு கடுமையான நஞ்சு. "மழை நாள் பூரா நல்லாத்தான் நின்னுச்சு, தண்ணி வடிஞ்சு வெயில் அடிச்ச அன்னைக்குத்தான் சாய்ஞ்சுது" என்று விவசாயிகள் சொல்வதன் பின்னால் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இதில் ஒரு பெரிய குழப்பம் மாடித்தோட்டக்காரர்களுக்கு உண்டு. தண்ணீரில் மூச்சுத் திணறும் வேர் தண்ணீரை மேலே ஏற்றாது. அதனால் இலை வாடித் தொங்கும், அசல் தண்ணீர் இல்லாத செடி மாதிரியே. பார்த்ததும் மனசு கேட்காமல் இன்னொரு வாளி ஊற்றுகிறோம். மழைக்காலத்தில் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். சொதசொதவென்று ஈரமாக இருந்து, புளித்த வாடையும் வந்தால், அந்தச் செடிக்கு வேண்டியது காற்று. தொட்டிக்கு அடியில் உள்ள தட்டை எடுத்துவிடுங்கள். குரோ பேக்கின் ஓட்டையை ஒரு குச்சியால் குத்தி அடைப்பெடுங்கள். பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். இரண்டு மூன்று நாள் நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது வெள்ளை வேர் விடும்வரை உரம் வேண்டாம்.

"நெல் மட்டும் எப்படித் தண்ணீரிலேயே நிற்கிறது?" என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன. இலை வெளியே இருக்கும்வரை மூச்சு கீழே போய்ச் சேரும். பயிர் முழுக்க மூழ்கினால் அதற்கும் திண்டாட்டம்தான். சாதாரண ரகங்கள் அப்போது தண்ணீருக்கு மேல் தலையை நீட்டப் பார்க்கும். நீட்டி நீட்டி இருப்பை எல்லாம் தீர்த்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் விழுந்துவிடும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற பழைய ரகம் இப்படிச் செய்யாது. மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சர்க்கரையைச் சிக்கனமாகப் புளிக்க வைத்து, அடக்கமாகக் காத்திருக்கும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணுவை 2006-ல் அடையாளம் கண்டார்கள். அதைச் சேர்த்து வந்ததுதான் சுவர்ணா சப்-1. நம் டெல்டாவில் பொன்மணி என்று பெயர் பெற்ற சி.ஆர்.1009 நெல்லிலும் சப்-1 ரகம் இருக்கிறது. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரக்கூடியவை இவை. தாழ்வான வயல் வைத்திருப்பவர்கள் விதை வாங்குமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் இந்த ரகத்தைப் பற்றிக் கேளுங்கள். விதை இருப்பு விவரத்தை உழவன் செயலியிலும் பார்க்கலாம்.

வாழை, மஞ்சள், மிளகாய், தக்காளிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இவற்றுக்கு வடிகால்தான் மருந்து, அதுவும் மணிக்கணக்கில் செய்ய வேண்டிய மருந்து. பயிர்க் காப்பீடு செய்தவர்கள் இன்னொன்றையும் மணிக்கணக்கில் செய்ய வேண்டும். உள்ளூர் இயற்கை இடராக வரும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 14447 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். எந்தப் பயிரில் எந்தச் சேதம் இதில் சேரும் என்பது அந்தப் பருவத்துக்கான அறிவிக்கையைப் பொறுத்தது. ஆகவே பிரீமியம் கட்டும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் நிற்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். வடிந்த பிறகு எடுத்த படத்தில் வெறும் வாடிய செடிதான் தெரியும்.

வறட்சிக்கு ஆல்கஹால்?

வெள்ளத்தில் வேரைத் தாங்கிப் பிடிக்கும் பொருளை வறட்சிக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள். ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் மொட்டோஅகி செகி குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு இது. நெல், கோதுமை நாற்றுகளுக்கு மூன்று நாள் மிக நீர்த்த எத்தனாலை மண்ணில் கொடுத்தார்கள். பிறகு இரண்டு வாரம் தண்ணீரே இல்லை. மறுபடி தண்ணீர் விட்டபோது எத்தனால் பெற்ற நாற்றுகளில் சுமார் 75 சதவீதம் பிழைத்தன. பெறாதவற்றில் 5 சதவீதம்கூடத் தேறவில்லை. எத்தனால் பட்டதும் இலைத்துளைகள் மூடிக்கொண்டு ஈரத்தைக் காத்தன. செடி அந்த எத்தனாலையே சர்க்கரையாக மாற்றிச் சேமிக்கவும் செய்தது.

கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஆய்வகத் தொட்டியில், பீரைவிடப் பல மடங்கு நீர்த்த கரைசலில், நாள் கணக்கு பார்த்துச் செய்தது. இதை நம்பி வயலில் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

இப்படி ஒரு ஏமாற்றம் முன்பே நடந்திருக்கிறது. 1992-ல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் மெத்தனால் தெளித்தால் பருத்தி முதலான பயிர்கள் கூடுதலாக வளர்கின்றன என்று நோனோமுராவும் பென்சனும் எழுதினார்கள். பென்சன் சாதாரண ஆள் இல்லை. ஒளிச்சேர்க்கையின் பாதையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். பல இடங்களில் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலான சோதனைகளில் பலன் வரவில்லை. மெத்தனாலைக் கையாள்வதும் விளையாட்டு இல்லை. கள்ளச்சாராயத்தில் சேர்ந்து கண்ணையும் உயிரையும் பறிப்பது இதே மெத்தனால்தான். வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

ஆனாலும் மெத்தனாலுக்கும் இலைக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு. வளரும் இலை தானாகவே துளித்துளியாக மெத்தனாலை வெளியிடுகிறது. அதைத் தின்று வாழும் இளஞ்சிவப்பு நிற பாக்டீரியாக்கள் இலைமேல் குடியிருந்து, பதிலுக்குச் செடிக்கு வளர்ச்சிப் பொருட்களைத் தருகின்றன. இவற்றைத்தான் பி.பி.எஃப்.எம். என்ற பெயரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் திரவமாகத் தருகிறது. வறட்சியைத் தாங்க இலைவழியாகத் தெளிக்கச் சொல்கிறது. வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள், உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா. பூச்சிமருந்தோடு கலந்து அடித்தால் வாங்கிய காசு வீண். காலையிலோ மாலையிலோ தெளியுங்கள்.

கடையில் 'ட்ரைகான்டனால்' என்று ஒரு பாட்டில் பார்த்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 1977-ல் குதிரைமசாலில் இருந்து ஸ்டான்லி ரைஸ் கண்டறிந்த வளர்ச்சி ஊக்கி அது. வேதியியல் வகையில் அதுவும் ஆல்கஹால்தான், ஆனால் 30 கார்பன் கொண்ட மெழுகு. மதுவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பஞ்சகவ்யாவில் கள் சேர்க்கிறார்களே என்றால், அங்கே கள் வருவது அதில் உள்ள ஈஸ்ட்டுக்காக. நம் மாநிலத்தில் கள்ளுக்குத் தடை இருப்பதால் ஈஸ்ட் பொடியும் வெல்லமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சேர்க்கிறார்கள். அப்படித் தயாரானதையும் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்று நீர்க்கடித்துத்தான் தெளிக்கிறோம்.

செடி வாடினால் வீடியோவில் தேடுவதற்கு முன் கேட்க ஆள் இருக்கிறது. கிசான் அழைப்பு மையம் 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. நிலம் இல்லாத மாடித்தோட்டக்காரர்களும் தயங்காமல் கேட்கலாம். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலருக்கோ படம் காட்டுவதாக இருந்தால் மூன்று படம் எடுத்துப் போங்கள்: முழுச் செடி ஒன்று, பாதித்த இலையின் அடிப்பக்கம் ஒன்று, தொட்டியின் வடிகால் ஓட்டை தெரியும்படி ஒன்று. கடைசியாக என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அது பீராகவே இருந்தாலும்.